நான் திருத்திய செய்தி

என் மகள் அனுப்பிய செய்திகளில் ஒன்றை மட்டும் நான் திருத்தாமல் விட்டிருக்கலாம். ஒன்றே ஒன்று. முப்பது வருடம் பிள்ளைகளின் ஆங்கில நோட்டைத் திருத்தியே பிழைத்தவளுக்கு அந்த ஒன்றை விட மனசு வரவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு என்ன பெரிய சமையல், காலையில் வைத்த இறால் தொக்கும் சோறும்தான். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொள்வது என் வழக்கம். மகள் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் இரவு டியூட்டி முடிந்து வெளியே வரும்போது நமக்கு மத்தியானம். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் ஏதாவது அனுப்புவாள். அன்று வந்தது இரண்டே வரி. "காண்ட் டூ திஸ் நோ மோர் மம். கான்னா கம் ஹோம்." இனிமேல் என்னால் முடியாதும்மா, வீட்டுக்கு வந்துவிடப் போகிறேன் என்கிறாள்.

பெற்றவள் என்ன கேட்டிருப்பாள்? என்னடி ஆச்சு என்று கேட்டிருப்பாள். நான் எச்சில் கையைக்கூடக் கழுவாமல் இடது கை விரலால் தட்டினேன். 'நோ மோர்' தவறு, அந்த இடத்தில் 'எனி மோர்' வர வேண்டும். 'கான்னா' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே கிடையாது, 'கோயிங் டு' என்று முழுதாக எழுது. கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "தேங்க் யூ, மிஸ்." நடுவில் கமா போட்டிருந்தாள், கடைசியில் புள்ளி வைத்திருந்தாள். அட, பரவாயில்லையே என்று எனக்குச் சந்தோஷம் வேறு. எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைத்தேன்.

இந்தத் திருத்துகிற புத்தி எனக்கு எங்கே பிடித்தது என்று தெரியும். நான் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவள். வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்கோ ஏரிக்கோ போகிறவர்கள். மெட்ராஸுக்குப் படிக்கப் போனபோது, ஹாஸ்டலில் முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் நின்று, "இன்னா கொயம்பு?" என்று கேட்டேன். வரிசை மொத்தமும் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார். அன்றிலிருந்து மூன்று மாதம் 'இன்னா'வை நாக்கிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். தமிழில் எவ்வளவு தேய்த்தாலும் ஏதோ ஒரு மூலையில் ஊர் எட்டிப் பார்க்கும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. புத்தகத்தில் இருக்கிறபடி பேசினால் ஒருத்தி வாயைத் திறக்க முடியாது. அப்படித்தான் ஆங்கிலம் எடுத்தேன், அப்படித்தான் டீச்சர் ஆனேன்.

கல்யாணம் ஊரிலேயே ஆனது. அவர் கடலுக்குப் போகிறவர். தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் 'நைனா' என்று கூப்பிட, என் மகள் மட்டும் 'அப்பா' என்று கூப்பிடுவாள். என் உத்தரவு. "நைனான்னே கூப்புடட்டுமே, கேக்க நல்லாத்தான கீது" என்பார் அவர். நான் ஒரு முறை முறைப்பேன், அதோடு சரி. மகள் பத்தாவது படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். ஒரு தடவைகூட அந்த வார்த்தையை அவர் காதில் விழவிடவில்லை. இதற்கெல்லாம் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

எனக்கு வேலை பசியாவரத்தில். ஏரிக்கு நடுவே இருக்கிற தீவு, படகில் போய்ப் படகில் வர வேண்டும். மகளும் சின்ன வகுப்புகளை அங்கேதான் படித்தாள். காலையும் மாலையும் எங்கள் நேரம் படகுக்காரருக்கு மனப்பாடம். நாங்கள் கரைக்கு வரும்போது படகு தயாராக நிற்கும். மற்றவர்கள்தான் கரையில் நின்று 'ஓ...வ்' என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். என் மகளுக்கு அந்தச் சத்தத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. படகு கண்ணெதிரே நிற்கும், இவள் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு 'ஓ...வ்' என்பாள். "வாயிருக்கு, வார்த்தை இருக்கு, அப்புறம் எதுக்கு ஊளை?" என்று தொடையில் கிள்ளுவேன். கிள்ளின இடத்தைத் தேய்த்துக்கொண்டே படகில் ஏறுவாள்.

இப்படி இரண்டு மொழியிலும் இழைத்து இழைத்து வளர்த்த பெண் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த முதல் மாதமே போன் செய்து அழுதாள். வார்டில் ஒரு கிழவரிடம், "ஐ ஷல் பிரிங் யுவர் மெடிசின்" என்றாளாம். அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம், ராணியம்மா மருந்து கொண்டு வருகிறார்களாம் என்று சொல்ல, வார்டே சிரித்ததாம். "நீ சொல்லிக்குடுத்த இங்கிலீஷ இங்க யாருமே பேசலம்மா" என்றாள். எனக்கு அந்த ஹாஸ்டல் வரிசை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நீ ஒழுங்கா பேசிட்டே இரு, கேட்டுக் கேட்டு அவங்க திருந்துவாங்க" என்றேன். இங்கிலாந்துக்காரர்களை ஆங்கிலத்தில் திருத்தக் கிளம்பினவள் நான், எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

அவள் திருத்தவில்லை, கற்றுக்கொண்டாள். கான்னா, வான்னா, காட்டா, டன்னோ, எயின்ட். பேச்சுக்குப் பேச்சு கடைசியில், 'இல்லையா' என்கிற மாதிரி ஒரு 'இன்னிட்'. "நான் அவங்கள மாதிரி பேசினாத்தான்மா வலி எங்கேன்னு எனக்குச் சொல்றாங்க" என்றாள். பேசுவதோடு விட்டாளா, எனக்கு எழுதுவதிலும் அதுவே வந்தது. 'யூ' என்பதற்கு ஒரே எழுத்து. பெரிய எழுத்து கிடையாது, புள்ளி கிடையாது. ஒரு செய்தியில் நாலைந்து தப்பாவது இருக்கும். நான் விடுவேனா? வரிசையாகத் திருத்தி அனுப்புவேன். முதலில் அவளும் சிரித்தாள். "சரி மிஸ், சாரி மிஸ்" என்பாள். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுத்தான், ஆனால் மார்க் போடுகிற ஆள் நான் ஒருத்தி மட்டும்.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. டியூட்டி அதிகம்போல என்று இருந்தேன். நானே கூப்பிட்டு, "வரேன்னியே, எப்பம்மா வர்ற?" என்றேன். "சும்மா சொன்னேன்மா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

பிறகு செய்திகள் வர ஆரம்பித்தன. "குட் மார்னிங், மதர். ஐ ஹேவ் ஈட்டன். ஐ ஹோப் யூ ஆர் வெல்." மம் போய் மதர் வந்திருந்தது. தினமும் ஒன்று, அளந்து வைத்தாற்போல். பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கமா இருந்தது, புள்ளி இருந்தது. நூற்றுக்கு நூறு போடலாம். முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, பெண் திருந்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சாப்பிடும்போது அந்த ஒழுங்கான வரியைப் படித்தேன், கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. லீவு லெட்டர் எழுதுகிற பிள்ளை இப்படித்தான் எழுதும். என் மகள் எனக்கு லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருந்தாள்.

பழைய செய்திகளைத் தேடி எடுத்துப் படித்தேன். "மம் டுடே வாஸ் மென்டல். கான்னா ஸ்லீப் லைக் எ ராக். லவ் யா." இன்றைக்கு வேலை பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டது, அடித்துப் போட்டாற்போல் தூங்கப் போகிறேன் என்கிறாள். அதன் கீழே என் திருத்தம். "மம் இட்ஸ் ஸ்னோயிங், வான்னா ஷோ யூ." அதன் கீழே என் திருத்தம். பனி பெய்கிறது, உனக்குக் காட்ட வேண்டும் என்று பெண் எழுதியிருக்கிறாள், காட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைத் தூக்கித் தண்ணீரில் போடலாம் போல் இருந்தது. அப்புறம் அந்த ஒழுங்கான வரியாவது எதில் வரும்?

மாதங்கள் இப்படியே போயின. ரிடையர் ஆன வீட்டில் பொழுது எப்படி நகரும் என்று யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. காலையில் மீன் ஏலம் போடுகிற சத்தம் கேட்கும், அது அடங்கிவிட்டால் தெருவில் வெயில் மட்டும் இருக்கும். டிவியை ஓடவிடுவேன், ஒருவர் பேசும் சத்தம் இருக்கட்டும் என்று. மத்தியானம் ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் போன். "ஐ ஹேவ் ஈட்டன், மதர்." நானும் சாப்பிட்டேன் என்று எழுதுவேன். சில நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

பழைய மாணவி ஒருத்தியின் குழந்தைக்குப் பசியாவரத்தில் காது குத்து. வீடு தேடி வந்து அழைத்தாள், போனேன். எல்லோரும் இருந்து சாயங்காலம்தான் கிளம்புவதாக இருந்தார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் இருப்புக் கொள்ளவில்லை. "பொண்ணு எப்ப வருது டீச்சர்?" என்று ஆளுக்கு ஒரு தரம் கேட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் சொல்லிக்கொண்டு தனியாகக் கரைக்கு வந்துவிட்டேன். படகு அந்தப் பக்கம் இருந்தது. சரி, வரும் என்று நின்றேன்.

எத்தனை நேரம் நின்றேனோ. முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெண் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தாள், கைக்குக் கிடைத்ததை அதில் போட்டுக்கொண்டே வந்தாள். என்னைத் தாண்டிப் போனவள் திரும்பி, பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா டீச்சர், அப்பலேர்ந்து நின்னுக்கினே கீறீங்க?"

"படகு வரட்டும்னு நிக்கிறேம்மா."

"கூப்புடாம எப்டி வரும்?"

உண்மைதான். இத்தனை வருடம் அந்த ஏரியைக் கடந்திருக்கிறேன், ஒரு நாள்கூடப் படகைக் கூப்பிட்டதில்லை. எனக்காக நின்றுகொண்டே இருந்த படகு அது. போன் செய்யலாம் என்று கைப்பையைத் திறந்தேன். "அவரு போன ஊட்ல வெச்சிட்டுத்தான் வருவாரு, தண்ணி பட்ரும்னு" என்றாள். வேறு வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கரையைப் பார்த்து, "ஐயா! படகு கொண்டு வாங்க! நான் இந்தக் கரையில நிக்கிறேன்!" என்றேன்.

அவள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். "அய்ய, யாருக்கு டீச்சர் பாடம் எடுக்குறீங்கோ? எதுர்காத்து அடிக்குது. வார்த்தையெல்லாம் அங்க போவாது. கொரலுதான் போவும். ஓன்னு இயுத்து உடுங்க."

"ஓன்னா என்னன்னு அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"இன்னான்னு எதுக்கு தெரியணும்? யாரோ கூப்புடுறாங்கோ, அவ்ளோதான். வந்து கேட்டுக்குவாரு."

சொல்லிவிட்டுப் பறியைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். வந்து கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான். என் பெண் எங்கோ ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று குரல் கொடுத்திருக்கிறாள். நான் இந்தக் கரையில் உட்கார்ந்து, குரலில் இரண்டு பிழை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். படுபாவி என்று என்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். கேட்க யாரும் இல்லை.

கையைக் குவித்து வாயில் வைத்துக் கூப்பிட்டேன். முதல் தரம் இருமல் மாதிரி வந்தது. இரண்டாம் தரம் அடி வயிற்றிலிருந்து வந்தது, 'ஓ...வ்' என்று. என் குரல்தானா என்று எனக்கே பயமாகிவிட்டது. எதிர்க்கரையில் படகுக்காரர் எழுந்து நின்றார். யார், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கழியை எடுத்து ஊன்றித் தள்ளினார்.

படகு தரை தட்டுவதற்கு முன்பே, "இன்னா ஆச்சு டீச்சர்?" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பாதித் தூரம் வந்ததும், விளையாட்டுக்கு யாராவது கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வரத்தான் டீச்சர் வேணும். கிட்ட வந்து பாத்தாத்தான வெளையாட்டா நெசமான்னு தெரியும்." கொஞ்சம் தள்ளிவிட்டுச் சிரித்தார். "நம்ம பாப்பா வெளையாட்டுக்குத்தான கூப்புடும். படகு பக்கத்துலயே நிக்கும், ஓன்னு கூவும். நானும் ஓன்னுவேன். நீங்க அத்தப் போட்டுக் கிள்ளுவீங்க."

பக்கத்திலேயே நின்றும், அவர் பதில் குரல் கொடுத்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அவள் டியூட்டி முடிகிற நேரம் பார்த்துப் போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். குரலைப் பதிந்து அனுப்புகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு, இங்கிலாந்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஓ...வ். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சருக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பினேன்.

அன்று பதில் இல்லை. அடுத்த நாள் அந்த ஒழுங்கான வரிகூட வரவில்லை. இதுவும் போச்சா என்று கலங்கிப்போனேன். மூன்றாம் நாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது போன் துடித்தது. "மம் வாட் வாஸ் தட்." கேள்விக்குறி இல்லை. அடுத்தடுத்துச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவள் எழுதினதைத் தமிழில் சொல்கிறேன், அந்தப் பிழைகளைத் தமிழில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் சத்தமாக வைத்துக் கேட்டுவிட்டாளாம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அழுதுவிட்டாளாம். இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்கிறாளாம். அப்புறம் எழுதினாள். அன்றைக்கு டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான்மா உனக்குச் செய்தி போட்டேன். வா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் புக் பண்ணிவிடலாம் என்று இருந்தேன். உன் பதில் வந்ததும் மூடிவிட்டேன். இப்போது வேறு வார்டு மாற்றிவிட்டார்கள், பழகிவிட்டது. கோபமெல்லாம் இல்லை. ஆனால் இப்போதைக்கு வரவில்லை.

கடைசி வரி மட்டும் அவள் எழுதினபடியே. "எயின்ட் கமிங் ஃபார் நவ், மம். லவ் யா."

மம் திரும்பி வந்துவிட்டது. ஊரே பார்த்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டு அழுதேன். பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்? அழுது முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைத் தமிழ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன். "இன்னா ஆச்சு கண்ணு அன்னிக்கு?" ஹாஸ்டல் வரிசைக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அன்றுதான்.

அவள் எழுதுகிறாள் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நீளமாக ஏதோ எழுதுகிறாள், சொல்லிவிடுவாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி நின்றது. பிறகு ஒரே வரி வந்தது.

"டோன்ட் மேட்டர் நோ மோர் மம்."

இனிமேல் அது ஒன்றும் இல்லையம்மா என்கிறாள். என்ன ஆச்சு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதே 'நோ மோர்', அதே இடத்தில். நான் அதைத் தொடவில்லை.